சுவருக்குப் போட்ட சட்டை

பாலக்காட்டுப் பக்கம் எங்கள் எலப்புள்ளியில் வீடு கட்டுகிறவர்கள் வெயிலை நினைத்துத்தான் கட்டுவார்கள். மண்ணைக் குழைத்து ஒரு முழக் கனத்துக்குச் சுவர் எழுப்பி, சுண்ணாம்பு அடித்து, சன்னலைச் சின்னதாக வைத்து, சித்திரை வெயிலை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். நான் பிறந்து வளர்ந்தது அப்படிப்பட்ட வீட்டில். அதனால் எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி மலைமேல் தேயிலைக்காட்டுக்கு நடுவே இருக்கிற சித்திரபுரத்துக்கு வந்தபோது, ஒரு சுவர் வீட்டுக்கு உள்ளேயே குளிரைக் கக்கும் என்று எனக்குத் தெரியாது. வந்த அன்றைக்குக் களைப்பாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் சுரீரென்று எழுந்துவிட்டேன். ஈரத்துணியைப் பிழியாமல் முதுகில் போட்ட மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் சிரித்தார். அவரும் எலப்புள்ளிக்காரர்தான். எனக்கு ஒரு வருஷம் முன்னாலேயே வந்து நடுங்கி முடித்துவிட்டார் என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

அவருக்குக் கரண்டுக் கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் வேலை. குவாட்டர்ஸ் கிடைக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்று ஒரு பழைய கல் கட்டடத்தில் பாதியை வாடகைக்குப் பிடித்திருந்தார். ஒரு காலத்தில் ஏலக்காய் மூட்டை அடுக்குகிற ஸ்டோராக இருந்ததாம். மூட்டைக்குக் குளிராது அல்லவா, சுற்றிலும் வெறும் கருங்கல், பூச்சு கிடையாது. பிற்பாடு கட்டடத்துக்குச் சொந்தக்காரர் நடுவில் ஒரு சாண் கனத்துக்கு மண் வைத்துக் கல்லடுக்கி, இரண்டு குடும்பம் இருக்கிற மாதிரி பிரித்துவிட்டார். எங்கள் பாதியில் ஒரே அறை. பின்னால் தகரம் போட்ட சார்ப்பில் மண்ணெண்ணெய் ஸ்டவ். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டின் சமையல்கட்டு. அவர்கள் வீட்டில் கரண்டி கீழே விழுந்தால் எங்கள் வீட்டில் கேட்கும்.

அடுத்த வீட்டு அக்காவின் சொந்தக்காரர்கள் எல்லாம் திருநெல்வேலிப் பக்கம். ஆனால் அவர் பிறந்ததே தேயிலைக்காட்டில்தான். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். அக்கா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் வருவார். மற்ற நாளெல்லாம் கொழுந்து பறிக்கப் போவார். அவர் வீட்டுக்காரர் லாரியில் கிளீனராக இருந்ததால் வாரத்தில் பாதி நாள் கொச்சிக்கும் இங்கேயுமாக அலைவார். பிள்ளைகளை மதுரையில் தங்கை வீட்டில் படிக்க விட்டிருந்தார்கள். நான் வந்த புதிதில் அந்த அக்காவின் அடுப்பங்கரைதான் எனக்குப் புகலிடம். நடுச்சுவருக்கு எதிர்ச்சுவரில், புகை போகிற துவாரத்துக்குக் கீழே அடுப்பு இருக்கும். சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்ததும் நான் போய் அதன் பக்கத்தில் குந்திவிடுவேன். "பாலக்காட்டு வெயில மூட்டையில கெட்டிட்டு வந்திருக்கப்படாதா?" என்று கேலி பண்ணுவார். என் கொங்குப் பேச்சு அவருக்குச் சிரிப்பு. அவர் பேச்சு எனக்குச் சிரிப்பு. கடுங்காப்பி குடித்துக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் சிரித்துக்கொள்வோம்.

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். எனக்கு அம்மா இல்லை என்பதால் அண்ணன் வந்து அழைத்துப் போவதாகப் பேச்சு. அண்ணன் நாள் பார்த்துக்கொண்டிருந்தான். என் மகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. எட்டாம் மாசம் தொடங்கின கையோடு, இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழை பிடித்த முதல் வாரத்திலேயே பிறந்துவிட்டாள். கையில் வாங்கியபோது குழந்தை என்றே சொல்ல முடியவில்லை. உரித்த கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாள். தோல் வழியாக நரம்பு தெரிந்தது. பிழைக்க வேண்டுமே என்று நினைக்கக்கூடப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். இந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கக் கூடாது. பஸ்ஸில் ஒரு நாள் முழுக்கக் குலுக்கினால் தாங்காது. கொஞ்சம் சதை பிடிக்கிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். மருந்து ஒன்றும் இல்லை. பால் கொடு, சூடாக வைத்திரு. உடம்பு குளிர்ந்தால் பால் குடிக்காது, பால் குடிக்காவிட்டால் இன்னும் குளிரும், அந்தச் சுழலில் மட்டும் விட்டுவிடாதே. அறைக்குள் கரிச்சட்டி வைக்கக் கூடாது, அந்தப் புகையை இந்த மூச்சு தாங்காது. இவ்வளவுதான் அவர் சொன்னது. நான் மனதுக்குள் ஓதிக்கொண்டே வந்தேன்.

சூடாக வைத்திரு என்று சொல்வது சுலபம். வைக்க வேண்டிய இடம் அந்தக் கல் வீடு.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். என் நங்கை பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று பஸ் மாறி மாறி, கையில் ஒரு மூட்டைப் பழைய வேட்டித் துணியோடு வந்து இறங்கினாள். வந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். துணி துவைத்தாள், பத்தியச் சோறு பொங்கினாள். ஆனால் வந்த இரண்டாம் நாள் ஒரு காரியம் செய்தாள். பக்கத்து வீட்டு அக்கா வேலையிலிருந்து வந்ததும் ஒரு மண்சட்டி நிறையக் கனல் எடுத்து, சாம்பல் மூடி, சீலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். நங்கை நிலையை மறித்து நின்றுகொண்டாள். நான் உள்ளே படுத்திருந்தேன். எழுந்திருக்கத் தெம்பில்லை. காது மட்டும் நன்றாக வேலை செய்தது.

"தீட்டு ஊடுங்க. நெருப்பெல்லாம் வாங்கக் கூடாதுங்க. கழிஞ்ச பொறகு நாங்களே சொல்லி அனுப்பறமுங்க, அப்ப வாங்க."

"சரித்தா" என்றார் அக்கா. நனைந்த செம்மண்ணில் அவர் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது.

டாக்டர் புகை கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று நங்கை சொல்லியிருக்கலாம். அது உண்மையும் கூட. ஆனால் நங்கைக்கு அந்தச் சட்டியைவிடச் சட்டியைப் பிடித்த கைதான் கண்ணில் பட்டது. வேதக்காரர்கள், என்ன சாதியிலிருந்து போனார்களோ என்று அவள் முணுமுணுத்ததும் எனக்குக் கேட்டது. எனக்குக் கோபம் வந்தால் உடம்புத் தெம்பெல்லாம் வாய்க்கு வந்துவிடும். படுத்த படுக்கையிலேயே நான் போட்ட சத்தத்தில் நங்கை முகம் சுண்டிப்போனது. அந்த வாரக் கடைசியிலேயே, குளிர் எலும்பைத் தின்கிறது, அங்கே மாட்டைப் பார்க்க ஆளில்லை என்று சொல்லி பஸ் ஏறிவிட்டாள். சொல்லி அனுப்புவதாகச் சொன்னவளே போய்விட்டாள். அக்காவிடம் யாரும் சொல்லி அனுப்பவில்லை. என் வீட்டுக்காரரைப் போய்ப் பேசச் சொன்னேன். அவருக்கு அப்போது ராத்திரி டியூட்டி, அவர் வீட்டில் இருக்கிற நேரம் அக்கா தேயிலைக்காட்டில், அக்கா இருக்கிற நேரம் இவர் கம்பத்தின்மேல். அந்த அக்கா அதற்குப் பிறகு வரவில்லை. மனம் விட்டுப்போயிருக்கும், யாருக்குத்தான் விடாது என்று நினைத்துக்கொண்டேன்.

மழை பலத்தது. மேற்குச் சுவரில் மழை அடிக்க அடிக்கக் கல் வேர்த்தது. உள்பக்கம் கைவைத்தால் விரல் நனையும். என் வீட்டுக்காரர் ஒரு மரப்பெட்டிக்குள் பஞ்சு மெத்தை போட்டு, மேலே நூறு வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டுக் குழந்தைக்கு ஒரு கூடு செய்திருந்தார். பெட்டிக்குள் கதகதப்புத்தான். ஆனால் பால் கொடுக்க எடுக்க வேண்டும், துணி மாற்ற எடுக்க வேண்டும். எடுத்த நிமிஷமே நாலு பக்கமும் சுவர் அவள் சூட்டை உறிஞ்சியது.

அவருக்கு அவளைத் தூக்கப் பயம். கம்பி பிடித்துக் காய்ப்பு ஏறிய கை, பட்டால் தோல் கிழிந்துவிடுமோ என்று கிட்டவே வரமாட்டார். தள்ளி நின்று பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சுவரை முறைப்பார். பிள்ளையைத் தூக்க முடியாத மனுஷனுக்குச் செய்வதற்குக் கிடைத்தது சுவர் ஒன்றுதான். அதை அவர் விடவில்லை.

முதலில் மைதாப் பசை காய்ச்சினார். சாக்கைப் பிரித்து மேற்குச் சுவர் முழுக்க ஒட்டி, அதன்மேல் பழைய பேப்பரை இரண்டு மடிப்பாக ஒட்டினார். இரண்டு நாள் வீடு அழகாகத்தான் இருந்தது. அப்புறம் கல்லிலிருந்த ஈரம் சாக்குக்கு வந்து, சாக்கிலிருந்து பேப்பருக்கு வந்து, பேப்பரிலிருந்த மந்திரிகளுக்கெல்லாம் கறுப்பாக மீசை முளைத்தது. பூஞ்சை. வீடு முழுக்கப் புளித்த மாவு வாடை. குழந்தை தும்மத் தொடங்கினாள். அவர் எல்லாவற்றையும் கிழித்து வெளியே போட்டார். நான் சிரித்துவிடக் கூடாது என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு தேயிலை பேக்டரிக்கு வயரிங் வேலைக்குப் போனபோது தூள் அடைக்கிற பெட்டிகளைப் பார்த்திருக்கிறார். பலகைப் பெட்டி, உள்ளே பளபளவென்று ஈயத்தாள். விடிந்ததும் சைக்கிளில் உடைந்த பெட்டிகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு நனைந்தபடி வந்து சேர்ந்தார்.

"தேயிலைத் தூளுக்கே சட்டை போட்டுக் கப்பலேத்தறாங்க, புள்ள. நம்ம கண்ணுக்கு ஒரு சட்டை வேண்டாமாக்கும்?"

இந்தத் தடவை யோசித்துச் செய்தார். நனைகிற கல்லைத் தொடவே கூடாது என்று பட்டிருக்கிறது. சுவரில் ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டம் அடித்து, அதன்மேல் பலகையை ஆணி வைத்து, கல்லுக்கும் பலகைக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் விட்டார். மேலேயும் கீழேயும் ஓட்டை போட்டு, உள்ளே காற்று ஓட வழி செய்தார். பலகையின்மேல் ஈயத்தாள். வேர்க்கிற கல் தன் பாட்டுக்கு வேர்த்துக் காய்ந்துகொள்ளட்டும், அந்தக் குளிர் பலகையோடு நிற்கட்டும் என்பது அவர் கணக்கு. வெளிச்சுவர்கள் மூன்றையும் ஒவ்வொன்றாக முடித்தார். டியூட்டி முடிந்து வந்து, சோறு தின்பதற்கு முன்னால் சுத்தியலை எடுப்பார். குழந்தை விழிக்காமல் இருக்க, சுத்தியல் முனையில் துணி சுற்றிக்கொண்டு அடிப்பார். பல்பு வெளிச்சத்தில் அறை தேர்த்திருவிழாக் கடை மாதிரி மின்னியது. நான் அந்த வீட்டுக்கு வெள்ளி மாளிகை என்று பேர் வைத்துக் கேலி செய்தேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், வேலை செய்தது. சுவர்கள் கடிப்பதை விட்டன. குழந்தை பாலைச் சப்பும்போது ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன்.

பாக்கி இருந்தது நடுச்சுவர். அது மற்றவை போலக் கடிக்காது. சூடாக இருந்தது என்று சொல்ல முடியாது, சும்மா இருந்தது. மழை படாத உள்சுவர், அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. குழந்தைப் பெட்டியை நான் அந்தச் சுவரோரமாகத்தான் வைத்திருந்தேன். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. அங்கே வைத்தால் கொஞ்சம் நேரம் கூடத் தூங்கினாள். ஆனால் அந்தப் பக்கத்துப் பாத்திரச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு விழித்து அழவும் செய்தாள். விழித்தால் மூச்சு வாங்கும் வரை அழுவாள். பலகையும் தாளும் மிச்சம் கிடந்தன. காந்தலூரிலிருந்து பூண்டு ஏற்றி வந்த ஜீப்பில் இரண்டு கட்டு வைக்கோலும் வந்து சேர்ந்திருந்தது.

மூணுக்குப் போட்டாச்சு, இதை மட்டும் ஏன் அம்மணமாக விட வேண்டும் என்றார் அவர். சத்தமும் நிற்கும் என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். எலப்புள்ளியில் பொதுச்சுவரோரம் ஒருத்தன் அடுப்பு வைத்தால் அடுத்த வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். என் ஊடு அனலா வேகுது, அடுப்பைத் தள்ளி வை என்று பஞ்சாயத்துக் கூட்டியவர்களை நானே பார்த்திருக்கிறேன். சுவரின் வேலை வெளியே இருப்பதை உள்ளே விடாமல் நிறுத்துவது. அதற்கு மேல் ஒரு சுவரால் ஏதாவது ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இது நனையாத சுவர் என்பதால் நடுவில் இடமும் விடவில்லை. கல்லோடு ஒட்ட வைக்கோலை அழுத்தித் திணித்து, மேலே பலகையும் தாளும் அடித்து முடித்தார்.

சத்தம் நின்றது. சட்டி கழுவுகிற சத்தம், விறகு முறிக்கிற சத்தம், இருமல், எதுவும் இல்லை. குழந்தை விழிக்காமல் தூங்கினாள். நாங்கள் இரண்டு பேரும் பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அவர் ஒரு விரலால் அவள் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார். முதல் தடவையாக.

இரண்டு மூன்று நாள் கழித்து அந்த உள்ளங்கால் சில்லென்று இருந்தது. துணி போதவில்லை என்று இன்னொரு சுற்றுச் சுற்றினேன். மறுநாள் பால் சப்புகிற சத்தம் குறைந்தது. அறையே கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்துகொண்டு போவது போல இருந்தது. எப்படிக் குளிரும்? நாலு சுவரும் சட்டை போட்டிருக்கிறதே. கதவு இடுக்கில் துணி அடைத்தோம். கூரையின் அடியில் சாக்கு அடைத்தோம். சன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டோம். மழை இன்னும் வலுத்துவிட்டது, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டோம். குழந்தை அழுவதும் குறைந்துபோனது. சமத்தாகிவிட்டாள் என்றார் அவர். எனக்கு அந்தச் சமத்து பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்று மரங்களை முறித்துப் போட்டது. கரண்டு போனது. மலை பூராவும் இருட்டு. ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எங்கேயோ லைன் அறுந்து கிடக்கிறதாம். ஊருக்கெல்லாம் கரண்டு தயாராகிற பவர்ஹவுஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம், என் மகள் தலைக்கு மேல் பல்பு செத்துக் கிடந்தது. பெட்டியிலிருந்து எடுத்து நெஞ்சோடு சேர்த்துச் சீலைக்குள் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். மத்தியானம் தாண்டியும் இருட்டு விலகவில்லை. என் உடம்பே ஜில்லிட்டுப் போயிருந்தது, அவளுக்கு எங்கிருந்து கொடுப்பேன்? மார்பை வாயில் வைத்தால் வைத்தபடியே இருந்தது. சப்பவில்லை. கன்னத்தைத் தட்டினேன். கண் பாதி திறந்து மறுபடியும் மூடிக்கொண்டது. உதடு நீலமாக இருந்தது.

நான் நடுச்சுவரில் ஓங்கித் தட்டினேன். அக்கா, அக்கா என்று கத்தினேன். பலகை தொம்மென்றது. வைக்கோல் அதை அப்படியே தின்றுவிட்டது. இன்னும் இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன், கை வலித்ததுதான் மிச்சம். தீட்டாவது ஒன்றாவது என்று, ஒரு சாக்கை மடித்துத் தலையில் கொங்காடையாகக் கவிழ்த்துக்கொண்டு, குழந்தையை உள்ளே அணைத்துக்கொண்டு மழையில் ஓடினேன். சுற்றிக்கொண்டு போய் அக்கா வீட்டுக் கதவைக் காலால் உதைத்தேன்.

கதவைத் திறந்ததும் புகை வந்து முகத்தில் அடித்தது. அக்காவுக்குக் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. எனக்கு வாய் திறந்து ஒரு வார்த்தைதான் வந்தது.

"புள்ள குடிக்க மாட்டேங்குதுங்க அக்கா."

என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். குழந்தையை வாங்கி, ஈரத்துணியை உருவிப் போட்டுவிட்டு, தன் ரவிக்கையை அவிழ்த்து அவளை வெறும் நெஞ்சில் குப்புறப் போட்டு, மேலே சீலையும் கம்பளியும் சுற்றிக்கொண்டு அடுப்பை ஒட்டி உட்கார்ந்தார். அவள் பாதம் இரண்டையும் ஒரே உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குழந்தையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னென்ன வேண்டினேன் என்று எனக்கு நினைவில்லை. அவர் உதடும் அசைந்துகொண்டுதான் இருந்தது.

ரொம்ப நேரத்துக்குப் பிறகு கம்பளிக்குள்ளிருந்து பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல் வந்தது. அக்கா அவளை எடுத்து என்னிடம் கொடுத்தார். அவள் முகத்தை இப்படியும் அப்படியும் தேய்த்துத் தேடி, பிடித்து, சப்பினாள். சத்தத்தோடு சப்பினாள்.

மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகுதான் நான் அந்தச் சமையல்கட்டைக் கண்ணால் பார்த்தேன். அடுப்பில் வேரோடு பிடுங்கிய தேயிலைக் கட்டைகள் இரண்டு, தொடை கனத்துக்கு, கனன்றுகொண்டிருந்தன. அடுப்பின்மேல் பாத்திரம் எதுவும் இல்லை. சோறு வடித்து மூடி ஒரு மூலையில் இருந்தது. அடுப்பு இருந்த இடமும் பழைய இடம் இல்லை. எதிர்ச்சுவரில் புகைத் துவாரம் அப்படியே இருந்தது, அதன் கீழே கறுத்துப்போன தரை காலியாகக் கிடந்தது. அடுப்பு இங்கே, எங்கள் நடுச்சுவரோடு ஒட்டி, புதுமண் பூசி உட்கார்ந்திருந்தது. புகை போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றியது.

"அடுப்பு அந்தப் பக்கமல்லங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அக்கா தலைமயிரை முடிந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னார். "ஒங்க மதினி தீட்டு, நெருப்புக் குடுக்கப்படாதுன்னாக. சரி, ஒங்க மொறை. சொவத்துக்கு ஏது தீட்டு? அன்னிக்கே இங்கன மாத்திப் போட்டேன். வேலைக்குப் போறப்ப சாம்பல மூடிட்டுப் போவேன், நின்னு எரியும்."

அவரே மேலே சொன்னார்.

"முந்தில்லாம் பிள்ள அழுவுற சத்தம் கேக்கும். இப்ப அஞ்சாறு நாளா சத்தமே கேக்கல. குளிருக்குச் சொணங்கிட்டுதோன்னு ஒரு கட்டைக்கு ரெண்டா வச்சேன். வந்து பாக்கலாம்னா நீங்க இன்னும் சொல்லி விடல."

வேலை முடிந்து, கூடைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, மழையில் அந்த வேர்க்கட்டைகளை அவர் தலையில் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். நாங்கள் இந்தப் பக்கம் வைக்கோலைத் திணித்துக்கொண்டிருந்தோம். குழந்தை சத்தம் கேட்கவில்லை என்று அவர் பயந்து பயந்து தீயைக் கூட்டியிருக்கிறார். அந்தத் தீ எங்களிடம் வரவே முடியாதபடி நாங்கள் அடைத்து வைத்திருந்தோம். இதை எப்படிச் சொல்வது? எனக்கு அழுகைதான் வந்தது. தேம்பித் தேம்பித்தான் சொன்னேன், சுவருக்குச் சட்டை போட்டதை, சத்தம் வரக் கூடாது என்று பலகை அடித்ததை, அது அவருக்கு எதிராகச் செய்தது இல்லை என்பதை. அவர் சுவரை ஒரு தடவை பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிச் சரியானது. அந்த மனுஷன் பிள்ளைக்கு நல்லது என்றுதானே செய்தார் என்று சொல்லிவிட்டு, எனக்குக் காப்பி போட எழுந்தார். அத்தனை நாளில் சோற்றுப் பானை தவிர அந்த அடுப்பில் வைத்த முதல் பாத்திரம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு என் வீட்டுக்காரர் தெப்பமாக நனைந்து வந்தார். வீடு திறந்து கிடப்பதைப் பார்த்துப் பதறி, அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் வெளியே கூட்டிப் போய், நடந்ததைச் சொன்னேன். குழந்தையைப் பற்றிச் சொன்னபோது சுவரைப் பிடித்துக்கொண்டார். அடுப்பைப் பற்றிச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் மழையில் நனைந்திருந்ததால் தெரியவில்லை.

நனைந்த துணியை மாற்றக்கூட இல்லை. கடப்பாரையை எடுத்து நடுச்சுவர்ப் பலகைகளைப் பெயர்க்க ஆரம்பித்தார். இந்த முறை முனையில் துணி சுற்றவில்லை. ஈயத்தாள் சுருள் சுருளாகக் கிழிந்து விழுந்தது. கடைசியில் வைக்கோலை வாரினார். பலகைப் பக்கம் இருந்தது ஈரம் பூத்துச் சில்லென்று இருந்தது. கல்லை ஒட்டியிருந்த வைக்கோலை ஒரு பிடி அள்ளியவர் அப்படியே நின்றுவிட்டார். என் கையை இழுத்து அதில் வைத்தார். கதகதவென்று இருந்தது. அத்தனை நாளும் அக்கா அனுப்பியது எல்லாம் அங்கேயே தேங்கி நின்றிருந்தது.

கல் வெளியே தெரிந்ததும் தரையைக் கூட்டி, பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தார். நான் போய்க் குழந்தையை அக்காவிடமிருந்து வாங்கி வந்தேன். என் வீட்டுக்காரர் கையைத் துடைத்துத் துடைத்து நீட்டினார். நான் அவர் கையிலேயே கொடுத்தேன். பயந்துகொண்டே வாங்கி, பயந்துகொண்டே மெத்தையில் கிடத்தினார். கிடத்தினது சரியில்லை போலிருக்கிறது, அவள் கையைக் காலை உதைத்துக்கொண்டு வீறிட்டு அழுதாள். அவர் திகைத்து என்னைப் பார்த்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டையைத் தள்ளுகிற சத்தம் சட்டென்று நின்றது.

"அழுவுதா?" என்று கல்லுக்குப் பின்னாலிருந்து கேட்டார் அக்கா.

"அழுவுதுங்க அக்கா."

"அழட்டும்" என்றார். கட்டையை அடுப்புக்குள் தள்ளுகிற சத்தம் மறுபடியும் கேட்டது. "நல்லா அழட்டும்."